எழுநூற்றைம்பதில் எழுந்த மேடு

கடந்த வாரம் முதுகலை இரண்டாம் ஆண்டு வகுப்பில் துகள் இயற்பியலின் சோதனை முறைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, 2015 டிசம்பரில் ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னில் வெளியான, புதிய துகள் ஒன்று இருக்கலாம் என்று நினைக்கவைத்த ஒரு முடிவைக் குறிப்பிட்டேன். எட்டு மாதம் கழித்து அது ஒன்றுமில்லை என்றாகிவிட்டது என்று சொன்னதும், முன்வரிசையில் இருந்த மாணவி ஒருவர் எழுந்து, "சார், அப்படியானால் முதலில் அவர்கள் தவறாகச் சொல்லிவிட்டார்களா?" என்று கேட்டார். அதற்குள் மணி அடித்துவிட்டதால் "இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவருடைய கேள்விக்கு அந்த ஒற்றைச் சொல் போதாது. வகுப்பில் விட்டுப்போனதை இங்கே நிதானமாக எழுதிப் பார்க்கிறேன்.

2015 டிசம்பர் 15 அன்று, இந்திய நேரப்படி மாலையில், செர்னின் ஆண்டிறுதிக் கருத்தரங்கை இணைய ஒளிபரப்பில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெனீவாவுக்கு அருகே, பிரான்சு–சுவிட்சர்லாந்து எல்லைக்கு அடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள சுரங்கத்தில் புரோட்டான்களை மோதவிட்டு இயங்கும் பெரும் ஹாட்ரான் மோதி, அதாவது எல்.எச்.சி., இரண்டாண்டு பராமரிப்பு ஓய்வுக்குப் பிறகு அந்த ஆண்டுதான் மீண்டும் தொடங்கியிருந்தது. 2012-இல், மற்றத் துகள்களுக்கு நிறை கிடைப்பதோடு தொடர்புடைய ஹிக்ஸ் போசான் என்ற துகளைக் கண்டபோது 8 டெரா (லட்சம் கோடி) எலெக்ட்ரான் வோல்ட்டாக இருந்த மோதல் ஆற்றல் இப்போது 13 ஆக உயர்ந்திருந்தது. ஆற்றல் இவ்வளவு உயர்வது ஓர் ஆய்வாளரின் வாழ்நாளில் ஓரிரு முறையே நடக்கும். ஆகவே அட்லாஸ், சி.எம்.எஸ். என்ற இரு பெரும் சோதனைக் குழுக்களும் என்ன கண்டன என்பதை அறிய உலகமே காத்திருந்தது என்றால் அது மிகையில்லை. குறைந்தபட்சம் எங்கள் துறை முழுவதும் காத்திருந்தது.

இரு குழுக்களும் அடுத்தடுத்துப் பேசின. ஒவ்வொன்றாகக் காட்டப்பட்ட படங்களில் பெரும்பாலானவை, ஸ்டாண்டர்ட் மாடல் என்று நாம் அழைக்கும் இன்றைய கோட்பாட்டோடு அப்படியே பொருந்தின. ஒரே ஒரு படத்தில் மட்டும், சீராக இறங்கிவரும் வளைகோட்டின் மேல், 750 ஜிகா எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு அருகே (துகளின் நிறையையும் இந்த ஆற்றல் அலகில்தான் சொல்வோம்; ஆயிரம் ஜிகா ஒரு டெரா; இனிச் சுருக்கமாக ஜி.இ.வி. என்கிறேன்), சில புள்ளிகள் தலை தூக்கி நின்றன. இரு குழுக்களின் படத்திலும் கிட்டத்தட்ட அதே இடத்தில் அவை நின்றன. அந்த நிமிடத்தில் எனக்கு ஏற்பட்ட படபடப்பை இப்போதும் நினைவுகூர முடிகிறது.

அந்தப் படம் எப்படி வரையப்படுகிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும். எதிரெதிர்த் திசையில் சுற்றும் புரோட்டான் கொத்துகள் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 4 கோடி முறை ஒன்றையொன்று கடக்கின்றன. ஒவ்வொரு முறையும் பல மோதல்கள் நிகழ்கின்றன. அத்தனையையும் சேமித்து வைக்க எந்தக் கணினிக்கும் திராணியில்லை என்பதால், நொடிக்கு ஆயிரம் என்ற அளவிலான நிகழ்வுகளை மட்டும் தேர்ந்தெடுத்து, மற்றவற்றை அங்கேயே விட்டுவிடுகிறார்கள். அப்படிச் சேமித்தவற்றுள் உயர் ஆற்றல் கொண்ட இரண்டு ஃபோட்டான்கள், அதாவது ஒளித்துகள்கள், வெளிப்பட்ட நிகழ்வுகளை மட்டும் பிரித்தெடுக்கிறார்கள். இரு ஃபோட்டான்களின் ஆற்றலும் அவற்றுக்கு இடையிலான கோணமும் தெரிந்தால், அவ்விரண்டும் ஒரே தாய்த்துகளிலிருந்து பிறந்திருக்குமானால் அத்தாயின் நிறை என்னவாக இருந்திருக்கும் என்று கணக்கிட்டுவிடலாம். பெரும்பாலான ஃபோட்டான் இணைகளுக்கு அப்படியொரு தாயே கிடையாது; புரோட்டானுக்குள் இருக்கும் குவார்க்குகளும் குளுவான்களும் மோதும்போது தாமாகவே உண்டாகி வெளிவந்தவை அவை. எனவே கணக்கிட்ட நிறை எங்கெங்கோ சிதறி விழும். நிறை கூடக் கூட எண்ணிக்கை குறைந்துகொண்டே போகும். உண்மையிலேயே ஒரு புதிய துகள் இருந்தால், அதன் நிறைக்குரிய இடத்தில் மட்டும் எண்ணிக்கை கூடும். இறங்கும் சரிவின் மேல் ஒரு மேடு தெரியும். 2012-இல் ஹிக்ஸ் தெரிந்ததும் இப்படித்தான்: 125 ஜி.இ.வி.யில், இரண்டு ஃபோட்டான்களில்.

இதில் கோணத்தை அளப்பது கேட்பதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். ஃபோட்டானுக்கு மின்னூட்டம் இல்லாததால் அது தடம் விட்டுச் செல்லாது. அது எங்கே போய் விழுந்தது என்பது தெரியும். எங்கிருந்து புறப்பட்டது என்பதை ஊகிக்கத்தான் வேண்டும். அட்லாஸில் திரவ ஆர்கானும் ஈயத் தகடுகளும் கொண்ட ஆற்றல் அளவி பல அடுக்குகளாக அமைந்திருப்பதால், ஃபோட்டான் ஒவ்வோர் அடுக்கிலும் எங்கே பட்டது என்பதைக் கோடிட்டுப் பின்னோக்கி நீட்டிப் புறப்பட்ட இடத்தைச் சுட்ட முடியும். சி.எம்.எஸ். கருவியில் இருப்பவையோ 75,000-க்கும் மேற்பட்ட லெட் டங்ஸ்டேட் படிகங்கள்; கண்ணாடிபோல் தெளிந்தவை, ஆனால் கையில் எடுத்தால் இரும்பைவிடக் கனப்பவை. ஆற்றலை மிகத் துல்லியமாக அளக்கும் அந்தப் படிகங்களால் திசையைச் சொல்ல முடியாது. அதே மோதலில் பிறந்த மற்றத் துகள்களின் தடங்களைக் கொண்டுதான் புறப்பட்ட புள்ளியைத் தீர்மானிக்க வேண்டும். வெவ்வேறு வழியில் கட்டப்பட்ட இரு கருவிகள் ஒரே பொருளைப் பார்ப்பதன் மதிப்பு இங்கேதான் இருக்கிறது. ஒரு கருவியின் குறை மற்றொன்றில் அப்படியே வராது. இரண்டும் ஒரே இடத்தைக் காட்டின என்பதே அன்று எங்களை அசைத்தது.

இனி எண்களுக்கு வருகிறேன். அட்லாஸ் குழுவிடம் இருந்த தரவின் அளவு 3.2 தலைகீழ் ஃபெம்டோபார்ன். ஒரு தலைகீழ் ஃபெம்டோபார்ன் என்பது, 13 டெரா எலெக்ட்ரான் வோல்ட்டில், சுமார் 80 லட்சம் கோடி மோதல்களுக்குச் சமம் என்று வைத்துக்கொண்டால், அவர்கள் பார்த்தது 250 லட்சம் கோடி மோதல்களுக்கு மேல். அத்தனையிலிருந்தும் 750 ஜி.இ.வி.க்கு அருகே எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகக் கிடைத்தவை பத்துப் பதினைந்து நிகழ்வுகள் மட்டுமே. பின்னணி, அதாவது தாயில்லாத இணைகள், மட்டுமே இருந்து, தற்செயலாக அந்த ஓர் இடத்தில் அவ்வளவு எண்ணிக்கை குவிவதற்கான வாய்ப்பைச் சிக்மா (இது கூடக் கூட வாய்ப்பு குறையும்) என்ற அளவில் சொன்னால் 3.6. அதாவது ஆறாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. மேடு சற்று அகலமானது, ஏறத்தாழ 45 ஜி.இ.வி. அகலம் என்று கொண்டால் 3.9 சிக்மா. சி.எம்.எஸ். குழுவின் 2.6 தலைகீழ் ஃபெம்டோபார்ன் தரவில் 760-க்கு அருகே 2.6 சிக்மா. துறையின் வழக்கப்படி 'கண்டுபிடித்தோம்' என்று சொல்ல 5 சிக்மா வேண்டும். அது 35 லட்சத்தில் ஒன்று என்ற வாய்ப்பு.

ஆறாயிரத்தில் ஒன்று என்றால் பந்தயம் கட்டலாமே என்று தோன்றும். மாணவியின் கேள்விக்கான விடையில் முதல் பாதி இங்கே இருக்கிறது. அந்த ஆறாயிரத்தில் ஒன்று, '750-இல் மேடு வரும்' என்று முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் மட்டுமே பொருந்தும். யாரும் சொல்லவில்லை. சில நூறு ஜி.இ.வி.யிலிருந்து ஈராயிரம் வரை எங்கே மேடு எழுந்தாலும் நாங்கள் எழுந்து உட்கார்ந்திருப்போம். என் வகுப்பில் 60 பேர் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் ஒரு நாணயத்தைப் பத்து முறை சுண்டினால், குறிப்பிட்ட ஒருவருக்கு ஒன்பது அல்லது பத்து முறை தலை விழும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுதான். ஆனால் அறுபது பேரில் யாராவது ஒருவருக்கு அப்படி விழும் வாய்ப்பு கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி. விழுந்த பிறகு அந்த ஒருவரை எழுப்பி நிறுத்தி 'உன்னிடம் ஏதோ இருக்கிறது' என்று சொல்வது நியாயமாகாது. எத்தனை இடங்களில் தேடினோம் என்பதையும் கணக்கில் சேர்த்தபோது அட்லாஸின் 3.6 சிக்மா 2.0 ஆக இறங்கியது. அதாவது 44-இல் ஒன்று. சி.எம்.எஸ். எண் 1.2 சிக்மாவுக்கும் கீழே போயிற்று. இரு எண்களையும், இறங்கியவற்றையும் சேர்த்தே, டிசம்பர் 15 அன்று மேடையில் சொன்னார்கள். எதையும் மறைக்கவில்லை. 'புதிய துகள்' என்ற சொல்லை அவர்கள் கண்டுபிடிப்பாக உச்சரிக்கவும் இல்லை.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு நுட்பம் இருக்கிறது. அன்று எங்களில் பலரை நம்பிக்கையின் பக்கம் சாய்த்தது அதுதான். அட்லாஸ் 750 என்று ஓர் இடத்தைக் காட்டிவிட்ட பிறகு, சி.எம்.எஸ். தரவில் தேட வேண்டியது அந்த ஓர் இடத்தில் மட்டும். அங்கே பல இடங்களில் தேடியதற்கான தள்ளுபடி தேவையில்லை. ஆகவே சி.எம்.எஸ். தந்த 2.6-ஐ அப்படியே முழுமையாக எடுத்துக்கொள்ளலாம் என்று வாதிட இடம் இருந்தது. இந்த வாதத்தில் பிழையில்லை. நானும் அன்று அதைத்தான் நண்பர்களிடம் சொன்னேன். இரு குழுக்களும் தங்கள் தரவை அதிகாரபூர்வமாக இணைத்து ஓர் எண்ணைத் தரவில்லை. அது சரியான முடிவு என்று இப்போது நினைக்கிறேன். எதிர்த்திசையிலும் ஒரு சாட்சி இருந்தது. முன்பு 8 டெரா எலெக்ட்ரான் வோல்ட்டில் ஒவ்வொரு குழுவும் சுமார் 20 தலைகீழ் ஃபெம்டோபார்ன் தரவைச் சேர்த்திருந்தது. குளுவான்கள் இணைந்து 750 ஜி.இ.வி. துகள் ஒன்றை உண்டாக்கும் வாய்ப்பு 8-லிருந்து 13-க்குப் போகும்போது ஐந்து மடங்குக்குச் சற்றுக் குறைவாகத்தான் உயர்கிறது. அப்படியென்றால் அந்தத் துகளைக் காட்டிக்கொடுக்கும் திறனில் பழைய 20-உம் புதிய 3.2-உம் ஏறத்தாழச் சம எடையில் நிற்பவை. பழைய தரவில் தெளிவான மேடு இல்லை. மெல்லிய உயர்வு மட்டுமே இருந்தது. முரண் என்று சொல்லுமளவுக்கு அது வலுவானதல்ல, ஆதரவு என்று சொல்லுமளவுக்கும் வலுவானதல்ல.

கோட்பாட்டாளர்கள் ஏன் அப்படி ஓடினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் பின்னாளில் அவர்கள் மேல் நிறையக் கேலி விழுந்தது. அதில் எனக்கு உடன்பாடில்லை. சுழற்சி எண் (துகளின் உள்ளார்ந்த சுழற்சியின் அளவு) 1 உடைய துகள் இரண்டு ஃபோட்டான்களாகச் சிதைய முடியாது என்பது இயற்பியலாளர்கள் லாண்டாவும் யாங்கும் தனித்தனியே நிறுவிய விதி. ஆகவே மேட்டுக்குக் காரணமான துகளின் சுழற்சி 0 அல்லது 2 ஆக இருக்க வேண்டும். 2 என்றால் அது கூடுதல் பரிமாணங்களோடு தொடர்புடைய, ஈர்ப்பு விசையைக் கடத்துவதாகக் கருதப்படும் கிராவிட்டானின் உறவாகலாம். 0 என்றால் ஹிக்ஸின் மூத்த உடன்பிறப்பு என்று சொல்லத் தோன்றும். ஆனால் மின்னூட்டம் இல்லாத துகள் ஃபோட்டானோடு நேரடியாக உறவாடாது. இடையே மின்னூட்டமுள்ள வேறு துகள்கள் தரகர்களாக நிற்க வேண்டும். நாம் அறிந்த கனமான துகள்களான டாப் குவார்க்கும் டபிள்யூ போசானும் மட்டும் அந்த வேலையைச் செய்தால், 750 ஜி.இ.வி. துகள் ஃபோட்டான்களாகச் சிதைவதைவிட அந்த டாப் இணைகளாகவும் டபிள்யூ இணைகளாகவும் சிதைவதே மிகமிக அதிகமாக இருக்கும். அவற்றில் எந்த மேடும் இல்லை. எனவே இதுவரை காணாத கனமான மின்னூட்டத் துகள்களும் உடன் இருந்தாக வேண்டும். ஒரு துகள் உண்மையென்றால் அதன் பின்னால் ஒரு குடும்பமே வரிசையில் நிற்கிறது என்று பொருள். ஹிக்ஸ் வந்தபோது அதற்கான நாற்காலி ஸ்டாண்டர்ட் மாடலில் ஏற்கெனவே போடப்பட்டிருந்தது; இதற்கு எந்த நாற்காலியும் இல்லை. சில மாதங்களில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் எழுதப்பட்டன. அவற்றுள் அவசரத்தில் எழுதியவை பல என்பது உண்மைதான். ஆயினும், அந்த அகலமான மேட்டை எளிய மாதிரி எதனாலும் விளக்க முடியவில்லை என்பதை அதே கட்டுரைகள்தான் எடுத்துக் காட்டின. ஒரு துகள் எத்தனை வழிகளில், எவ்வளவு எளிதாகச் சிதைகிறதோ அவ்வளவுக்கு அதன் மேடு அகலும். அகலம் 45 ஜி.இ.வி. என்றால் மற்ற வழிகளிலும் ஏராளமாகத் தென்பட்டிருக்க வேண்டும்.

2016 மார்ச் மாதம் இத்தாலியின் லா துயிலில் நடந்த மொரியோன் மாநாட்டில் சி.எம்.எஸ். குழு ஒரு காரியம் செய்தது. அதைப் பற்றிப் பேசாமல் என்னால் இந்தப் பதிவைத் தொடர முடியாது. 2015-இல் அவர்களுடைய 3.8 டெஸ்லா காந்தத்தைக் குளிர்விக்கும் அமைப்பில் கோளாறு ஏற்பட்டிருந்தது. அதனால் மோதல்களில் ஒரு பகுதி, சுமார் 0.6 தலைகீழ் ஃபெம்டோபார்ன், காந்தம் அணைந்திருந்த நிலையில் பதிவானது. காந்தப்புலம் இல்லையென்றால் மின்னூட்டத் துகள்களின் தடம் வளையாது. வளையாவிட்டால் உந்தத்தை அளக்க முடியாது. உந்தம் தெரியாவிட்டால், ஃபோட்டான்கள் புறப்பட்ட புள்ளியைத் தேர்ந்தெடுக்கும் வழக்கமான முறையும் கைகொடுக்காது. பலர் வீண் என்று ஒதுக்கியிருக்கக்கூடிய அந்தத் தரவை அவர்கள் விடவில்லை. புள்ளியைத் தேர்வதற்குத் தடங்களின் எண்ணிக்கையையே கொண்டு, ஆற்றல் அளவியைக் காந்தமில்லா நிலைக்கென்று தனியே அளவுதிருத்தம் செய்து, மூன்றே மாதத்தில் பயன்படுத்தத் தகுந்ததாக ஆக்கினார்கள். பழைய 8 டெரா எலெக்ட்ரான் வோல்ட் தரவையும் சேர்த்தபோது சி.எம்.எஸ். மேடு 3.4 சிக்மாவாக உயர்ந்தது. தேடிய இடங்களைக் கணக்கில் எடுத்தால் 1.6. மேடு கரையவில்லை, சற்றே வளர்ந்திருந்தது. அந்த வசந்த காலத்தில் நம்பாதவர்களைக் காண்பதுதான் அரிதாக இருந்தது.

ஏப்ரல் இறுதியில், கீரியைப் போன்ற ஒரு சிறு விலங்கு மின்மாற்றி ஒன்றில் புகுந்து குறுக்குச் சுற்று உண்டாக்கி இயந்திரத்தைச் சில நாட்கள் நிறுத்தியது. அதன் பிறகு எல்.எச்.சி. எதிர்பார்த்ததைவிட வேகமாகத் தரவைக் குவித்தது. ஆகஸ்ட் 5 அன்று சிகாகோ மாநாட்டில் அட்லாஸ் 15.4 தலைகீழ் ஃபெம்டோபார்ன் தரவையும் சி.எம்.எஸ். 12.9 தலைகீழ் ஃபெம்டோபார்ன் புதிய தரவையும் காட்டின. முந்தைய இரவே சி.எம்.எஸ். முடிவு வெளியே தெரிந்துவிட்டிருந்தது. தரவு நான்கு மடங்கானால், உண்மையான மேட்டின் சிக்மா ஏறத்தாழ இரண்டு மடங்காக வேண்டும். புதிய தரவு மட்டுமே ஐந்தைத் தாண்டியிருக்க வேண்டும். 750-இல் எதுவும் இல்லை. சரிவு சீராக இறங்கிக்கொண்டிருந்தது. 2015 தரவையே மேம்பட்ட அளவுதிருத்தத்தோடு அட்லாஸ் மறுபடி ஆராய்ந்தபோதும் மேடு மறையவில்லை; 3.4 சிக்மாவாகச் சற்றுக் குறைந்து, 730-க்குச் சற்றே நகர்ந்திருந்தது. மாணவியின் கேள்விக்கான விடையில் இரண்டாம் பாதி இதுதான். முதல் முறை எண்ணியதில் பிழையில்லை. திரும்ப எண்ணினாலும் ஏறத்தாழ அதே எண்தான் வருகிறது. 2015-இல் அந்த இடத்தில் கூடுதலாக ஃபோட்டான் இணைகள் விழுந்தது நடந்த உண்மை. 2016-இல் விழவில்லை என்பதும் நடந்த உண்மை. அவற்றை அங்கே விழவைக்க எந்தத் துகளும் தேவைப்படவில்லை.

இதற்கு நாற்பதாண்டு மூத்த உதாரணம் ஒன்று உண்டு. 1976-இல் அமெரிக்காவின் ஃபெர்மிலாப் ஆய்வகத்தில் லியோன் லெடர்மேனின் குழு, எலெக்ட்ரான்–பாசிட்ரான் இணைகளை எண்ணி, 6 ஜி.இ.வி. அருகே புதிய துகள் இருக்கலாம் என்று அறிவித்து, அதற்கு உப்சிலான் என்று பெயரும் வைத்தது. அது தற்செயலாக இருப்பதற்கான வாய்ப்பு ஐம்பதில் ஒன்று என்று கணக்கிட்டிருந்தார்கள். மேலும் தரவு வந்ததும் மேடு மறைந்தது. அதே குழு தேடலை நிறுத்தவில்லை. மறு ஆண்டே, எலெக்ட்ரானின் கனமான உறவான மியூவான்களின் இணைகளில், 9.5 ஜி.இ.வி.யில், யாராலும் மறுக்க முடியாத உயரத்தில் ஒரு மேட்டைக் கண்டது. உப்சிலான் என்ற பெயர் அதற்குப் போயிற்று. அதற்குள் இருந்த பாட்டம் குவார்க் என்ற புதிய குவார்க் உலகுக்குத் தெரிய வந்தது. ஐம்பதில் ஒன்று அன்று பெயர் வைக்கப் போதுமாக இருந்தது. 2015-இல் 44-இல் ஒன்று என்ற எண் கையில் இருந்தபோது இரு குழுக்களும் பெயர் வைக்கவில்லை, மேலும் தரவு வேண்டும் என்று மட்டும் சொன்னார்கள். இந்த நாற்பதாண்டில் துறை கற்றுக்கொண்டதை அந்த ஒப்பீட்டில் நான் பார்க்கிறேன். எனக்கு ஒரே ஒரு குறை உண்டு: செய்திகளிலும், எங்களுக்குள் நடந்த பேச்சிலும், 3.6 மட்டுமே ஒலித்தது, 2.0 அடிக்குறிப்பாகப் போய்விட்டது. அந்தக் குறை மேடையில் நின்றவர்களுடையதல்ல, கேட்டுக்கொண்டிருந்த எங்களுடையது. என் அன்றைய குறிப்பேட்டில்கூட 3.6-ஐத்தான் அடிக்கோடிட்டிருக்கிறேன்.

நாளை மறுநாள் அதே வகுப்பு. 2021-இல் அட்லாஸ் குழு, எல்.எச்.சி. 2015 முதல் 2018 வரை ஓடிய அந்த இரண்டாம் சுற்றின் முழுத் தரவையும், 139 தலைகீழ் ஃபெம்டோபார்ன், அதே இரண்டு ஃபோட்டான் வழியில் ஆராய்ந்து வெளியிட்ட படத்தை அச்செடுத்து வைத்திருக்கிறேன். மிகப் பெரிய மேடு இப்போது 684 ஜி.இ.வி.யில் இருக்கிறது. அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் 3.29 சிக்மா. அதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, தேடிய இடங்கள் அனைத்தையும் கணக்கில் சேர்த்தால் எவ்வளவு மிஞ்சும் என்று அந்த மாணவியையே முதலில் ஊகிக்கச் சொல்லப்போகிறேன். அவர் சொன்ன பிறகு பக்கத்திலேயே 1.30 என்று எழுதுவேன்.